இருதய நோயாளியின் பயம்



ஆஸ்பத்திரியில் கிடக்கும் இருதய நோயாளியைப் பார்க்கப் புறப்படும்போது நாம் வெறுங்கையோடு போவதில்லை. சாத்துக்குடி வாங்குகிறோம், ஹார்லிக்ஸ் வாங்குகிறோம். அவையெல்லாம் கட்டிலுக்கு அடியில் சேர்ந்து, பெரும்பாலும் துணைக்கு இருப்பவர்களுக்கே பயன்படுகின்றன. அதில் குற்றமொன்றுமில்லை, துணைக்கு இருப்பவர்களும் பசித்தவர்களே. ஆனால் நாம் கொண்டுபோகும் வேறொன்று நேரே நோயாளிக்குள் இறங்கிவிடுகிறது. அதுதான் நமது வாய்ச்சொல். டாக்டர் கொடுக்கும் மாத்திரைக்கு அளவுண்டு, வேளையுண்டு. நம் சொல்லுக்கோ அளவுமில்லை, வேளையுமில்லை. ஆகையால் இருதய வார்டில் படுத்திருப்பவருடைய மனத்தில் நடப்பது என்ன, நமது பேச்சும் மௌனமும் அங்கே என்ன செய்கின்றன என்பதை இவ்வாரம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இது என்ன பயம்?

கால் முறிந்தவன் தன் காலைக் கண்ணால் பார்க்கிறான். கட்டுப் போட்டாயிற்று, எலும்பு கூடும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். இருதய நோயாளி எதைப் பார்ப்பான்? ஓயாமல் ஓடுகிற ஒன்று உள்ளே இருக்கிறது. அது ஒருமுறை தவறினால் மற்றெல்லாம் தவறிப்போகும் என்பது அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அதை நினைத்தும் பாராதவன் இப்போது இராப்பகலாக அதையே கேட்டுக்கொண்டு கிடக்கிறான். இரவில் கண்ணயரப் பயப்படுகிறவர்கள் பலர். தூங்கினால் விழிப்போமோ என்ற எண்ணம். ஐம்பது வயதான குடும்பத் தலைவர் இதை மனைவியிடம் சொல்லுவாரா? ஒருநாளும் சொல்லமாட்டார். “கொசுக்கடி, தூக்கமில்லை” என்பார்.

அவர் இருக்கும் இடத்தையும் பாருங்கள். நெஞ்சில் ஒட்டிய கம்பிகள், தலைமாட்டில் ஓடிக்கொண்டேயிருக்கும் பச்சைக் கோடு, மூக்கில் பிராணவாயுக் குழாய், இரவென்றும் பகலென்றும் தெரியாத விளக்கு, செல்போன் இல்லை, சொந்தக்காரர் ஐந்து நிமிஷம் வந்துபோகலாம், அவ்வளவுதான். அடுத்த கட்டிலைச் சுற்றித் திடீரென்று திரை இழுக்கப்படுகிறது, டாக்டர்கள் ஓடுகிறார்கள், பிறகு ஒரே அமைதி. மறுநாள் அந்தக் கட்டிலில் வேறொருவர். இதைப் பார்த்தும் பாராதவர்போல் நம்மவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

அந்த யந்திரத்தைப் பற்றி ஒரு சிறு விஷயம். அது கூவினாலே இருதயம் நின்றுபோயிற்று என்று நோயாளியும் நினைக்கிறார், வாசலில் நிற்கும் குடும்பமும் நினைக்கிறது. ஒட்டிய வில்லை வியர்வையில் கழன்றாலும் அது கூவும். புரண்டு படுத்தாலும் கூவும். முதல் நாளிலேயே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவைத்தால் எத்தனை பேருடைய நடுக்கம் தீரும்! நர்ஸம்மாவுக்கு நேரமில்லையென்றால் நாமாவது கேட்டறிந்து சொல்லலாம்.

பயம் கோழைத்தனமா?

“ஆம்பிளை, இதற்குப் போய்ப் பயப்படலாமா?” என்று சிலர் நோயாளியை அதட்டுகிறார்கள். தைரியம் சொல்வதாக அவர்கள் எண்ணம். ஆனால் பயம் வேறு, சரீரம் வேறு என்று பிரித்துவைக்கச் சர்வேசுரன் நம்மைப் படைக்கவில்லை. அச்சம் வந்தவுடன் மூளையிலிருந்து புறப்படும் நரம்புகள் இருதயத்தை விரட்டுகின்றன. சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் விடுகின்றன. துடிப்பு ஏறுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, இருதயத் தசைக்கு அதிகப் பிராணவாயு வேண்டியிருக்கிறது. நல்ல இருதயம் இதைத் தாங்கும். இரத்தக் குழாய் அடைபட்டு ஏற்கெனவே பட்டினி கிடக்கும் இருதயமோ திண்டாடும்.

இது பெரியவர்கள் வெகு காலத்துக்கு முன்பே கண்ட உண்மை. இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்து 1628-ல் நூல் வெளியிட்ட வில்லியம் ஹார்வி, மனத்தின் துக்கமும் அச்சமும் இருதயம் வரைக்கும் எட்டுகின்றன என்று அந்நூலிலேயே குறித்திருக்கிறார். லண்டனில் புகழ்பெற்ற சத்திர வைத்தியரான ஜான் ஹன்டர் நெஞ்சுவலிக்காரர். தம்மைச் சீண்டிக் கோபமூட்டும் எந்தப் போக்கிரியின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று சொல்லிவந்தாராம். 1793-ல் தம் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியபோது எழுந்து வெளியே போனவர், அங்கேயே விழுந்து இறந்தார்.

நம் காலத்துக்கு வருவோம். மாரடைப்பு வந்த 86 பேரின் பதற்றத்தை, வந்த இரண்டு நாளுக்குள் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்து 1996-ல் எழுதினார்கள். பதற்றம் மிகுந்திருந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேருக்கு ஆஸ்பத்திரியிலேயே மீண்டும் அடைப்பு, துடிப்புக் கோளாறு போன்ற சிக்கல்கள் வந்தன. பதற்றம் குறைந்தவர்களிலோ நூற்றுக்கு 6 பேருக்குத்தான் வந்தன. பயமே நோயை உண்டாக்கிற்று என்று இதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆனால் பயத்தையும் நாடிபோல, காய்ச்சல்போலக் கவனிக்கவேண்டும் என்று சொல்ல இது போதும். நாடியைப் பார்த்துக் கேலி செய்வார் உண்டா?

ஒரு நாற்காலியும் இரண்டு எழுத்துக்களும்

முன்காலத்தில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் அசையாமல் படுக்கவைப்பார்கள். ஒருவர் ஊட்டிவிட வேண்டும், ஒருவர் துடைத்துவிட வேண்டும். நோயாளி பிணம்போலக் கிடந்து, “நான் பிணமாகத்தான் போகிறேன்” என்றே எண்ணத் தொடங்குவார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து சாமுவேல் லெவைன் என்ற பேராசிரியரும் பெர்னார்ட் லவுன் என்ற அவருடைய மாணாக்கரும் இவர்களைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கொலைபாதகம் என்று சுற்றியிருந்தவர்கள் அஞ்சினார்கள். 81 நோயாளிகளை இப்படி நடத்தி 1952-ல் அறிக்கை எழுதினார்கள். யாரும் நாற்காலியால் சாகவில்லை. உட்கார்ந்தவருக்கு மூச்சு இலகுவானதோடு, “நான் இன்னும் மனுஷன்தான்” என்ற தைரியமும் வந்தது. இன்று ஸ்டென்ட் வைத்த மறுநாளே டாக்டர் நடக்கச் சொல்வதும், வீட்டார் “ஐயோ, எழுந்திருக்காதீங்க” என்று கையைப் பிடித்து அழுத்துவதும் நாம் காணும் காட்சி. டாக்டர் நடக்கச் சொன்னால் நடக்க விடுங்கள். உங்கள் கை அழுத்துவது அவர் தோளை மட்டுமல்ல.

இதே லவுன் வேறொரு நிகழ்ச்சியையும் எழுதியிருக்கிறார். நான் படித்தவற்றுள் இதைப்போல் என்னைச் சிந்திக்கவைத்தது குறைவு. லெவைனிடம் நெடுநாளாக மருத்துவம் பார்த்துவந்த ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, புத்தகசாலையில் வேலை. இருதயத்தின் வலப்பக்க வால்வு சுருங்கிய வியாதி. மருத்துவர்கள் அதை இரண்டு எழுத்தில் ‘டி.எஸ்.’ என்பார்கள். கால் சற்று வீங்கும்; மற்றபடி வேலைக்குப் போய்வருவாள். ஒருநாள் லெவைன் மாணாக்கர்களோடு வந்து, அவளை அன்பாக விசாரித்துவிட்டு, அவர்களைப் பார்த்து “இந்த அம்மாளுக்கு டி.எஸ்.” என்று சொல்லி அவசரமாகப் போய்விட்டார். அவள் முகம் வெளுத்தது, மூச்சு இரைத்தது, நாடி 150-க்கு ஏறியது. சற்றுமுன் சுத்தமாயிருந்த நுரையீரலின் அடியில் நீர் கோத்த ஓசை கேட்டது. லவுன் திகைத்து, என்ன நேர்ந்தது என்று கேட்டார். “டாக்டர் எனக்கு டி.எஸ். என்றாரே” என்றாள். ‘டெர்மினல் சிச்சுவேஷன்’, அதாவது முடிவு கிட்டிவிட்டது என்று அந்த எழுத்துக்களுக்குத் தானே பொருள் செய்துகொண்டாள். லவுன் எவ்வளவோ விளக்கினார், அவள் நம்பவில்லை. லெவைனைத் தேடினார், அகப்படவில்லை. அன்றே அவள் இறந்துபோனாள்.

தம்முடைய ஒரு சொல் வேறுவிதமாக வேலை செய்ததையும் லவுன் சொல்கிறார். மிகவும் கேடான நிலையிலிருந்த ஒருவரின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்ட லவுன், “நல்ல பலமான குதிரைப் பாய்ச்சல்” என்றார். தளர்ந்த இருதயத்தில் கேட்கும் மூன்றாவது ஓசைக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் அது. நல்ல அடையாளமே அல்ல. நோயாளியோ, தன் இருதயம் குதிரைபோல் பாய்கிறதென்றால் இன்னும் வலு இருக்கிறது என்று நினைத்தார். சில மாதம் கழித்து எழுந்து நடந்துவந்து, “அந்தச் சொல்லைக் கேட்ட அன்றே பிழைத்துக்கொள்வேன் என்று தெரிந்துகொண்டேன்” என்றாராம்.

சொல்லால் மட்டுமே ஒருத்தி செத்தாள், ஒருவன் பிழைத்தான் என்று நான் ஆணையிடமாட்டேன். இருவருக்கும் வியாதி இருந்தது. ஆனால் படுக்கையிலிருப்பவரின் காது எவ்வளவு கூர்மையானது, அரைகுறையாகக் கேட்ட சொல்லுக்குப் பயம் எப்பேர்ப்பட்ட அகராதி எழுதும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

முதல் நாள், இரண்டாம் நாள், ஐந்தாம் நாள்

பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் ஹேக்கெட், காசெம் என்ற இரு மனநோய் மருத்துவர்கள் இருதயத் தீவிரக் கண்காணிப்பு வார்டிலேயே இருந்து பார்த்தார்கள். காசெம் இயேசு சபையைச் சேர்ந்தவர். அவர்கள் 1971-ல் எழுதியது ஏறக்குறைய இதுதான்: முதல் நாளிலும் இரண்டாம் நாளிலும் பதற்றம். வலி தணிந்ததும், “எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்” என்ற பிடிவாதம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மனச்சோர்வு.

நமது குடும்பங்கள் இதைத் தலைகீழாக வாசிக்கின்றன. இரண்டாம் நாள் அவர் சிரித்துப் பேசுவதைக் கண்டு, “அப்பா தேறிவிட்டார்” என்று ஊருக்கெல்லாம் போன் செய்கிறார்கள். நான்காம் நாள் அவர் வாய்பேசாமல், சாப்பிடாமல், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் கிடந்தால், “நாம் என்ன குறைவைத்தோம்?” என்று கோபிக்கிறார்கள். குறை யாரிடத்திலும் இல்லை. அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைக்கிறது. இக்காலத்தில் ஆஞ்சியோ செய்து மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதால், இந்தச் சோர்வு பெரும்பாலும் வீட்டில்தான் வருகிறது. ஆஸ்பத்திரியில் கேட்பார் உண்டு. வீட்டிலோ “சோம்பேறித்தனம்” என்று பெயர் சூட்டுகிறோம்.

இதை அற்பமாக எண்ணாதீர்கள். கனடாவில் மொன்ட்ரியால் நகரத்தில் மாரடைப்பிலிருந்து தப்பிய 222 பேரைத் தொடர்ந்து பார்த்து 1993-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆழ்ந்த மனச்சோர்வு கொண்டவர்கள் ஆறு மாதத்துக்குள் இறந்தது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்றி, ஒன்றிலும் பிடிப்பின்றி, “இருந்தென்ன, போயென்ன” என்று பேசினால், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது சர்க்கரை, பிரஷர் சீட்டோடு இதையும் சொல்லுங்கள். இதற்கு மருந்துமுண்டு, வைத்தியருமுண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாம் பேசும் பேச்சு

கட்டிலருகே நாம் பேசுவதில் முதலாவது, “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.” ஒன்றுமில்லாமலா நெஞ்சில் இத்தனை கம்பி? தம்மிடம் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் அவர் எண்ணுவார். அதைவிடக் கொடியது வாசலருகே நின்று குசுகுசுவென்று பேசுவது. டாக்டரிடம் மூத்த மகன் மட்டும் ஒதுங்கி நின்று பேசிவிட்டு, உள்ளே வந்து முகத்தை மாற்றிக்கொண்டு சிரிக்கிறான். பெற்ற தகப்பனுக்கு மகனுடைய முகம் தெரியாதா?

இரண்டாவது, கதைகள். “எங்கள் மைத்துனருக்கும் இப்படித்தான் வந்தது; டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே...” என்று ஆரம்பிக்கிறவர்கள் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களை அன்போடு வராந்தாவுக்கு அழைத்துப்போய்க் காப்பி வாங்கிக் கொடுங்கள்.

மூன்றாவது, பணம். பல நோயாளிகளுக்குச் சாவைவிடப் பெரிய பயம் இதுதான். நிலத்தை விற்றுவிடுவார்களோ, மகள் கலியாணத்துக்கு வைத்தது போய்விடுமோ என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிடப்பார். அவர் கேட்டால் பொய் சொல்லவேண்டாம். இன்ன வழி செய்திருக்கிறோம் என்று உண்மையான ஒரு வழியைச் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருதயச் சிகிச்சைகளும் அடங்கும். தகுதியுள்ளவர்கள் ரேஷன் கார்டோடு ஆஸ்பத்திரியிலுள்ள காப்பீட்டு உதவி மேஜையில் முதல் நாளே விசாரியுங்கள்.

நான்காவது, நம் போன்ற பக்தியுள்ள வீடுகளில் கேட்பது: “விசுவாசம் இருந்தால் பயம் வருமா?” இதைக் கேட்கும் நோயாளிக்கு வியாதியோடு பாவ உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. துக்க தேவ இரகசியங்களில் முதலாவதை நாம் எத்தனை ஆயிரம் தடவை தியானித்திருப்போம்! பூங்காவனத்தில் நமது ஆண்டவருக்குப் பயம் வரவில்லையா? இரத்த வியர்வை வியர்த்ததை எழுதிவைத்தவர் சுவிசேஷகர் நால்வரில் அர்ச். லூக்காஸ் ஒருவரே, அவர் வைத்தியர். ஆண்டவர் தம் பயத்தை மறைக்கவுமில்லை. மூன்று சீஷர்களிடம் சொல்லி, கூட விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் பிரசங்கம் செய்யவேண்டுமென்று கேட்கவில்லை, விழித்திருக்கத்தான் கேட்டார். அவர்கள் தூங்கினார்கள்.

ஆகவே என்ன பேசலாம்? நாற்காலியை இழுத்து, அவர் முகம் தெரியும்படி உட்காருங்கள். “இராத்திரி எப்படி இருக்கிறது? எதை நினைத்தால் கஷ்டமாயிருக்கிறது?” என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மாயிருங்கள். சொன்னால் கேளுங்கள், அழுதால் அழவிடுங்கள். டாக்டரிடம் கேட்க விரும்புவதை ஒரு காகிதத்தில் அவரே எழுதட்டும், அல்லது அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எப்போது படியேறலாம், எப்போது வேலைக்குப் போகலாம், தாம்பத்திய வாழ்க்கை எப்படி என்பதெல்லாம் மனத்தில் அரித்துக்கொண்டிருக்கும். கடைசியில் சொன்னதைக் கேட்க நம்மவர் கூசுகிறார்கள். டாக்டரிடம் கூச்சம் வேண்டாம். டாக்டர் நோயாளியிடமே, கூட ஒருவர் இருக்க, விஷயத்தைச் சொல்வது நல்லது.

ஓர் எச்சரிக்கை. பயத்தாலும் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், வியர்க்கும். நோயாலும் அப்படியே. இரண்டையும் பிரித்தறிவது நம் வேலையல்ல. “இது உங்கள் பயம்தான், படுங்கள்” என்று நீங்களாகத் தீர்ப்புச் சொல்லாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டிலென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்கள் சிலர் இரண்டு மூன்று நாள் முன்பின் தெரியாமல் பேசுவதுண்டு. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், மகளையே யாரென்று கேட்பார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டில் அழுகை கிளம்பும். பெரும்பாலும் இது சில நாளில் தெளிந்துவிடும். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்; அவருடைய கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள்; இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று அமைதியாக ஞாபகப்படுத்துங்கள்.

சாமியார் வந்தால்

கடைசியாக, எனக்கு நேரே சம்பந்தப்பட்டது. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வார்டுக்குள் நுழைந்தால் சாவு வந்துவிட்டது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. அதனால் நினைவு தப்பும்வரை காத்திருந்து, நடுநிசியில் ஓடிவருகிறார்கள். பிறகு நான் போய்ப் பூசுவது யாருக்கு? கேட்கவும் ஜெபிக்கவும் முடியாதவருக்கு. ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பழைய பெயரும் இந்தப் பயத்துக்கு ஒரு காரணம். வத்திக்கான் சங்கம் 1963-ல், இது சாகும் தறுவாயிலிருப்போருக்கு மட்டும் உரிய தேவதிரவிய அநுமானம் அல்ல, ஆகவே நோயாளிகளின் பூசுதல் என்பதே பொருத்தமான பெயர் என்று தெளிவாக்கிற்று. ஆறாம் சின்னப்பர் பாப்பானவர் 1972-ல் இதன் சடங்கையே புதுப்பித்தார். பெரிய ஆபரேஷனுக்கு முன் இதைப் பெறலாம். தேறிய பின் மீண்டும் கடும் நோய் வந்தால் மறுபடியும் பெறலாம். அர்ச். யாகப்பர் தம் நிருபத்தில் குருக்களை அழைக்கச் சொன்னதும் நோயாளிக்காகவே, பிரேதத்துக்காக அல்ல.

மேலே சொன்ன காசெமும் அவருடைய தோழர்களும், இருதய வார்டில் இந்த அநுமானத்தைப் பெற்ற கத்தோலிக்க நோயாளிகள் அதை எப்படி ஏற்றார்கள் என்று விசாரித்து 1969-ல் எழுதினார்கள். குருவானவர் அதை எப்படி எடுத்துச் சொல்லுகிறார் என்பதைப் பொறுத்தே பெரிதும் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. பாதி வேலை குருவுடையது, ஒப்புக்கொள்கிறேன். மறுபாதி வீட்டாருடையது. “சாமியாரை வரச்சொல்லட்டுமா?” என்று நோயாளியிடமே முன்னதாகக் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் என்னைத் திடீரென்று கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பெயர், வார்டு, கட்டில் எண், பார்க்கும் நேரம் ஆகியவற்றை எழுதி உபதேசியாரிடம் கொடுங்கள். திவ்விய நற்கருணை வேண்டுமென்றால், நோயாளி விழுங்கலாமா, ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு வைத்திருக்கிறார்களா என்று நர்ஸிடம் கேட்டுச் சொல்லுங்கள். வராந்தாவில் பாய் விரித்து இரவைக் கழிக்கும் மனைவியின் பெயரையும் அதே சீட்டில் எழுதுங்கள். அவளையும் பார்க்கவேண்டும், அவள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.